அளந்த காற்றும் விட்ட காற்றும்

டர்போ பெட்ரோல் கார் ஒன்று வேகமெடுக்கிறது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 'புஸ்' என்று ஓர் ஓசை எழுகிறது. இந்தியப் பெருநகரச் சாலைகளில் இன்று கேட்கக் கிடைக்கும் இவ்வோசையை வெறும் இளைஞர் ஆரவாரமாக ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் எஞ்சினுக்குள் வந்த காற்றுக்குக் கணக்கு வைப்பது எப்படி என்ற பழைய கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது.

கழிவுப் புகையின் விசையாலேயே எஞ்சினுக்கு அழுத்தப்பட்ட காற்றை ஊட்டும் உத்திக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905-இல் காப்புரிமை பெற்றார். கப்பல்களிலும் விமானங்களிலும் வேரூன்றிய பின்னரே, 1962-இல், ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரலே கோர்வேர் மோன்சா ஸ்பைடர் ஆகிய அமெரிக்கக் கார்கள் வழியாக அது பயணியர் வாகனத்துக்கு வந்தது. இவ்விரண்டிலும் கார்புரேட்டர் கம்ப்ரசருக்கு முன்னால் இருந்தது. கால் எடுக்கப்பட்டதும் கம்ப்ரசருக்குச் செல்லும் காற்றே குறைந்துவிடும். மேலும், குழாயில் ஓடியது பெட்ரோல் கலந்த காற்று. அதை வெளியே விடும் எண்ணத்துக்கு அங்கே இடமே இல்லை.

எரிபொருள் உட்செலுத்தும் முறை பரவி, த்ராட்டில் கம்ப்ரசருக்குப் பின்னால் அமைந்தபோதுதான் சிக்கல் கூர்மையடைந்தது. த்ராட்டில் திடீரென மூடும்போதும் டர்போ சுழன்றுகொண்டே இருக்கும். போக வழியற்ற காற்று கம்ப்ரசரின் இறக்கைகளை நோக்கித் திரும்பி மோதும். அப்போது குழாயின் அழுத்தத்தைத் தணிப்பதே புளோ-ஆஃப் வால்வின் பணி. த்ராட்டிலுக்கு அப்பால் உண்டாகும் வெற்றிடம் அதைத் திறக்கிறது. திறந்த காற்றைக் கம்ப்ரசரின் வாய்க்கே திருப்பி அனுப்பலாம்; வெளியிலும் விடலாம். முதல் வழியில் ஓசை அடங்கியிருக்கும். இரண்டாவதில் அது ஊருக்கே கேட்கும்.

இரண்டுக்கும் இடையே ஓசை மட்டுமே வேறுபாடு என்று கருதுவது பிழை. 1980-களில் பரவிய சூடுகம்பி உணரி, எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் நிறையை டர்போவுக்கு முன்பே அளந்துவிடுகிறது. அந்த அளவை நம்பியே கட்டுப்பாட்டுக் கணினி பெட்ரோலை அளக்கிறது. அளந்த காற்றை வழியிலேயே வெளியே விட்டால், வராத காற்றுக்கும் பெட்ரோல் செலவாகிறது. கலவை செறிந்து, புகை கறுக்கலாம். வேகம் தணியும்போது எஞ்சின் அணைந்தும் போகலாம். எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றியைச் சென்றடைந்தால் காலப்போக்கில் அதுவும் பழுதாகும். ஆனால் த்ராட்டிலுக்கு அப்பாலுள்ள அழுத்தத்தைக் கொண்டு காற்றைக் கணக்கிடும் எஞ்சினுக்கு இத்தகைய குழப்பம் பெரிதாக இல்லை. ஒரே வால்வு ஓரிடத்தில் தீங்கற்றது; மற்றோரிடத்தில் பொய்க்கணக்கு.

இதன் புகழில் பந்தயக் களத்துக்குப் பங்குண்டு. ஃபார்முலா ஒன் 1987-இல் டர்போ அழுத்தத்தை 4 பாராகவும், 1988-இல் 2.5 பாராகவும் கட்டுப்படுத்த ஒரு வால்வைக் கட்டாயமாக்கியது. மிகை அழுத்தத்தை வெளியே விட்டு ஆற்றலைக் குறைப்பதே அதன் நோக்கம். சாலைக் காரின் புளோ-ஆஃப் வால்வோடு அதைக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு. பின்னர் எச்கேஎஸ் போன்ற ஜப்பானிய உதிரிபாக நிறுவனங்களும், 2001-இல் வெளிவந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' திரைப்படமும் அந்த ஓசையை ஆற்றலின் அடையாளமாக உலகெங்கும் பரப்பின. நல்ல மறுசுழற்சி வால்வு அதே பாதுகாப்பை ஓசையின்றித் தருகிறது என்ற உண்மை விளம்பரத்துக்கு உகந்ததாக இல்லை.

வெளியேறுவது தூய காற்று என்பதும் முழு உண்மையன்று. எஞ்சினின் அடிப்பெட்டியில் தேங்கும் எண்ணெய் ஆவியை உள்ளிழுப்புக் குழாய்க்கே திருப்பும் அமைப்பைக் கலிபோர்னியா 1961-இல் கட்டாயமாக்கியது. வாகன மாசுக் கட்டுப்பாட்டின் தொடக்கப் படிகளுள் அது ஒன்று. டர்போ எஞ்சின் அழுத்தத்தில் ஓடும்போது அந்த ஆவி கம்ப்ரசருக்கு முன்னால் சேர்கிறது. பின்னால் உள்ள வால்வை வெளியே திறந்துவிட்டால், அடைத்த கதவு மறுவழியில் திறக்கிறது.

இந்தியாவில் டர்போ முதலில் பரவலாக அறிமுகமானது டீசல் வழியாக. டீசல் எஞ்சினின் வேகத்தை எரிபொருளின் அளவே கட்டுப்படுத்துவதால் காற்றை அடைக்கும் தேவை அங்கே பெரும்பாலும் எழுவதில்லை, இவ்வால்வும் வேண்டியதில்லை. ஆயினும் ஓசைக்காக மட்டுமே டீசல் கார்களில் மின்விசையால் திறக்கும் வால்வைப் பொருத்தும் வழக்கம் உண்டானது. காரணத்தை இழந்த பின்னும் அடையாளம் உயிர்வாழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறையில் உள்ளது. பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. ஆனால் பதிவுச் சான்றிதழில் வால்வுக்கென்று ஒரு வரி இல்லை. புகைச் சோதனையோ கார் நிற்கும்போது நடக்கிறது. இப்பிழை தோன்றுவதோ ஓடும் கார் வேகம் தணியும் கணத்தில். சோதனைக்கூடத்தின் கண்ணுக்குத் தப்பும் அந்தக் கணத்தை, கேட்கத் தெரிந்தவருக்கு அந்த 'புஸ்' ஓசையே அறிவித்துவிடுகிறது.