மின்மினிகளும் கூப்பன் அரிசியும்: யப்பானின் போர்க்கால அசைவூட்டப் படங்கள் பற்றி ஆய்வாளர்களும் மலையகமும்

1945 செப்டெம்பர் 21 ஆம் திகதி இரவு, கோபே நகரத்துப் புகையிரத நிலையத் தூணொன்றில் சாய்ந்தபடி 14 வயதுச் சிறுவன் ஒருவன் பசியால் இறந்துபோகிறான். 'மின்மினிகளின் கல்லறை' என்ற யப்பானிய அசைவூட்டப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. அவனுடைய 4 வயதுத் தங்கை செட்சுகோ அதற்கு முன்பே இறந்துவிட்டாள். விமானக் குண்டுவீச்சு, எரிகாயங்களோடு சாகும் தாய், குளக்கரைப் பதுங்குகுழியில் தனித்த வாழ்க்கை, தீர்ந்துபோகும் அரிசி என்று கதை நகர்கிறது. வன்னியின் கடைசி மாதங்களைக் கடந்து வந்த ஒருவர் இந்தப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டால் அதில் வியப்பில்லை.

1967 இல் இக்கதையை எழுதிய அகியுகி நோசகா, போரின் முடிவில் தன் வளர்ப்புத் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். குழந்தைக்குச் சேரவேண்டிய உணவைத் தானே தின்ற குற்றவுணர்வில் எழுதினார். படமாக்கிய இசாவோ தகஹாட்டாவுக்கும் இது கேள்விப்பட்ட கதை அல்ல. 1945 ஜூன் 29 இல் ஒக்கயாமா நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது, 9 வயதில் சகோதரி ஒருவருடன் வெறுங்காலோடு ஓடித் தப்பியவர் அவர். ஸ்டூடியோ ஜிப்லி நிறுவனம் 1988 ஏப்ரல் 16 இல் இப்படத்தை ஹயாவோ மியாசாகியின் 'என் அயலவன் டோடோரோ'வுடன் ஒரே காட்சியாக வெளியிட்டது. பிள்ளைகளைக் கூட்டிப்போன பெற்றோர் என்ன பாடுபட்டார்களோ!

உலகம் இதைப் போர் எதிர்ப்புப் படம் என்று கொண்டாடியது. தகஹாட்டா அதை ஏற்கவில்லை. இப்படிப்பட்ட துயரக் கதைகள் அடுத்த போரைத் தடுக்காது, 'இந்த நிலை மீண்டும் வராதிருக்கவே ஆயுதம் எடுக்கிறோம்' என்றுதான் போரைத் தொடங்குபவர்களும் சொல்வார்கள் என்பது அவருடைய வாதம்.

ஆய்வாளர்களின் விவாதம் இதையொட்டியே நடக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் சூசன் நேப்பியர் 2001 இல் வெளியிட்ட நூலில், இப்படத்தையும் ஹிரோஷிமா பற்றிய 'வெறுங்கால் கென்' (1983) படத்தையும் 'பாதிக்கப்பட்டோர் வரலாறு' என்ற வகைக்குள் வைத்தார். யப்பானியர் பட்ட துன்பம் திரையை நிறைக்கிறது, யப்பான் பிறருக்குச் செய்தது திரைக்கு வெளியே நிற்கிறது. வெண்டி கோல்ட்பேர்க் 2009 இல் எழுதிய கட்டுரை இதற்கு மறுபக்கம் சொன்னது. சிறுவனின் தந்தை ஏகாதிபத்தியக் கடற்படை அதிகாரி. வங்கியில் பணம் இருந்தும், அத்தை வீட்டுக்குத் திரும்பாமல் தங்கையைச் சாகவிட்டது அவனுடைய வீம்பு. அந்த வீம்பு தேசத்தினுடையதும்தான் என்று படத்தை வாசிக்கலாம். கோல்ட்பேர்க் படத்தைக் கூர்ந்து பார்த்தவர்தான். ஆனால் திரைக்கு வெளியே நின்றவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் நேப்பியரின் கேள்வியே கனமாக இருக்கிறது.

அந்த வெளிப்பக்கத்தை யப்பான் ஒருமுறை வரைந்தது, பொய்யாக. 1945 ஏப்ரலில் வெளியான 'மொமொதாரோ: கடலின் தெய்வ வீரர்கள்' அந்நாட்டின் முதல் முழுநீள அசைவூட்டப் படம். கடற்படையின் பணத்தில் மிட்சுயோ செயோ இயக்கியது. தென்திசைத் தீவொன்றின் விலங்குகள் யப்பானிய எழுத்துகளைப் பாட்டாகப் படித்து, விமானத்தளம் அமைக்கச் சிரித்துக்கொண்டே உழைக்கின்றன. பிற இனங்களை அழகான விலங்குகளாக வரைவதற்குள்ளேயே ஆளும் எண்ணம் ஒளிந்திருப்பதை ஆய்வாளர் தோமஸ் லமார் விரிவாக எழுதியிருக்கிறார்.

சிரிக்காமல் உழைத்தவர்களில் தமிழரும் இருந்தார்கள். மலையகத்தைப் போலவே கங்காணிகள் மூலம் தமிழகத்திலிருந்து மலாயாவின் இறப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களில் பல்லாயிரம் பேரை, 1942–43 இல் யப்பானியப் படை சயாம்–பர்மா புகையிரதப் பாதை போடக் கொண்டுபோனது. 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையில் வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் பலியானவர்கள் ஏராளம்.

ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் அந்தப் போர் வேறு வடிவில் வந்தது. கொழும்பில் 1942 ஏப்ரல் 5 இலும் திருகோணமலையில் ஏப்ரல் 9 இலும் குண்டு விழுந்தது. தோட்டங்களில் விழவில்லை. ஆனால் பர்மா யப்பானின் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. செட்சுகோ வெறும் தகரப் பேணியை உலுக்கி இனிப்புத் தேடும் காட்சியைப் பார்க்கும்போது, அதே போரில் லயத்துக்குள் அளந்து போடப்பட்ட அரிசியும் நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

கொழும்பு வானில் பறந்த சீரோ போர் விமானத்தை வடிவமைத்தவரைப் பற்றியே மியாசாகி 2013 இல் 'காற்று எழுகிறது' படத்தை எடுத்தார். அவருடைய குடும்பத் தொழிற்சாலையும் அந்த விமானத்துக்குப் பாகங்கள் செய்ததுதான். அழகான விமானம் ஒன்றைக் கனவு கண்ட மனிதனை வரைந்தவர், அது யார் தலைக்கு மேலே பறந்தது என்பதை வரையவில்லை. தென்கொரியாவில் இதற்குக் கண்டனம் எழுந்தது.

இந்தக் கேள்வியை யப்பானியரிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியாது. 1958, 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களைவிட்டு ஓடிய மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காணிகளில் குடியேறின. 2009 இல் செத்தவர்களில் அவர்களும் உண்டு. எங்கள் போர்க் கதைகளில் அவர்கள் தனியாகப் பெயர் சொல்லப்படுவது அரிது. இந்த இடத்தில் ஹிரோஷிமாவில் தப்பிய கெய்ஜி நகசாவா வரைந்த 'வெறுங்கால் கென்' சித்திரக்கதையைச் சொல்லவேண்டும். சொந்த ஊரின் சாவுகளுக்கு நடுவிலும், யப்பானியரால் இழிவுபடுத்தப்பட்ட பாக் என்ற கொரிய அயலவருக்கு அவர் இடம் வைத்தார்.

தகஹாட்டாவும் ஆக்கிரமிப்பாளரின் பக்கத்தை வரைய முயன்றார். 'மின்மினிகளின் கல்லறை'க்குப் பிறகு, யப்பான் பிடித்து வைத்திருந்த மஞ்சூரியாவில் 1939 இல் நடக்கும் ஷின் ஷிகாட்டாவின் 'எல்லை' நாவலைப் படமாக்கத் திட்டமிட்டிருந்தார். 1989 இல் தியனன்மென் சதுக்கப் படுகொலை நடந்ததும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2018 ஏப்ரலில் அவர் இறக்கும்வரை அது படமாகவில்லை.