பனை மரங்களுக்கு நடுவே ஒரு ஐஸ் ரிங்க்

2020 செப்டம்பர் 28. கனடாவின் எட்மன்டன் நகரம். ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை ஒரு அணி தலைக்கு மேல் தூக்குகிறது. அரங்கத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. கோவிட் காலம். நோய் பரவாமல் இருக்க என்.எச்.எல். தன் கடைசிச் சுற்றுகளை எல்லாம் இந்த ஒரே அரங்கத்தில் பூட்டி வைத்து நடத்தி முடித்தது.

காலி இருக்கைகளை விடுங்க. அந்த இறுதிப் போட்டியில் ஆடிய ரெண்டு அணிகள் எதுன்னு பாருங்க. ஒன்று ஃபுளோரிடாவின் டாம்பா பே, இன்னொன்று டெக்சஸின் டல்லஸ். ரெண்டும் வெயில் ஊர். குளிர்காலத்தில் ஏரி உறைவது, பசங்க வீட்டுப் பின்னாடியே தண்ணீர் ஊற்றி ரிங்க் போடுவது எல்லாம் அங்கே கிடையாது. எட்மன்டனோ 1984 முதல் 1990 வரைக்குள் ஐந்து கோப்பை ஜெயித்த ஊர். அந்த ஊர் ஜனங்க வீட்டில் உட்கார்ந்து, தங்கள் அரங்கத்தில் வெயில்காரர்கள் கோப்பை தூக்குவதை டிவியில் பார்த்தாங்க.

இது எப்படி நடந்தது என்பதுதான் இந்த எபிசோட்.

முதலில் பிளேஆஃப் பற்றி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும், இல்லைன்னா மீதிக் கதை புரியாது. என்.எச்.எல். ரெகுலர் சீசனில் 2025-26 வரை ஒவ்வொரு அணியும் 82 ஆட்டம் ஆடியது. அதிலிருந்து 16 அணிகள் பிளேஆஃப் போகும். நான்கு சுற்று, ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர், யார் முதலில் நான்கு ஜெயிக்கிறாரோ அவர் மேலே. ஆக, கோப்பைக்கு 16 வெற்றி வேணும். ரெண்டு மாசம் ஆகும். ஆட்டம் சமன் ஆனால் ஷூட்அவுட் எல்லாம் கிடையாது. 20 நிமிட ஓவர்டைம், அதிலும் கோல் விழலைன்னா இன்னொரு 20 நிமிடம், கோல் விழும் வரை போய்க்கிட்டே இருக்கும். 2020-லேயே டாம்பாவும் கொலம்பஸும் ஐந்து ஓவர்டைம் வரை ஆடினார்கள்.

பணக் கணக்கு ஒன்றும் இருக்கு. வீரர்களின் சம்பளம் ரெகுலர் சீசனோடு தீர்ந்துவிடும். பிளேஆஃபில் அவர்களுக்குக் கிடைப்பது லீக் தரும் போனஸ் மட்டும். அதனால் சொந்த ஊரில் நடக்கும் ஒவ்வொரு பிளேஆஃப் ஆட்டத்தின் டிக்கெட் காசும் பெரும்பாலும் முதலாளிக்கு லாபம். அதைவிட முக்கியம், புது ஊரில் புது ரசிகர் பிறக்கிற இடம் அதுதான். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டம் பார்த்து யாரும் வெறியர் ஆவதில்லை. ஏழாவது ஆட்டம், ஓவர்டைம், பக்கத்தில் யாரென்றே தெரியாதவர் உங்களைக் கட்டிப்பிடிக்கிறார், அப்போதான் ஆகிறார்கள்.

இப்போ வரலாறு. 1988 ஆகஸ்ட் 9. எட்மன்டன் அணி, உலகின் தலைசிறந்த வீரரான வெய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்கு விற்றது. கூட 1.5 கோடி டாலர் ரொக்கமும் கைமாறியது. கனடாவில் ஒரு எம்.பி. அரசாங்கமே தலையிட்டு இதைத் தடுக்கணும் என்று கேட்டார். லாஸ் ஏஞ்சலஸில் 1967-லிருந்தே அணி இருந்தது, ஆனா யாரும் பெரிசாக் கண்டுக்கலை. கிரெட்ஸ்கி வந்ததும் ஹாலிவுட் ஆட்கள் முன்வரிசையில் உட்கார ஆரம்பித்தார்கள். 1993-ல் அந்த அணி இறுதிச் சுற்று வரை போய் மான்ட்ரியாலிடம் தோற்றது. அது கனடா அணி ஒன்று ஜெயித்த கோப்பை. அதற்கப்புறம் 2025 வரை எந்தக் கனடா அணியும் ஜெயிக்கவில்லை.

கிரெட்ஸ்கி விஷயத்தைப் பார்த்த லீக்குக்குத் தெற்கே சந்தை இருக்கு என்று பொறி தட்டியது. 1991-ல் சான் ஹோசே, 1992-ல் டாம்பா, 1993-ல் அனஹைமும் மயாமிப் பக்கம் ஃபுளோரிடா பான்தர்ஸும். அனஹைம் அணியின் முதலாளி டிஸ்னி; தன்னுடைய 'மைட்டி டக்ஸ்' படத்தின் பெயரையே அணிக்கு வைத்தது. அதே 1993-ல் கூடைப்பந்து லீக்கிலிருந்து வந்த கேரி பெட்மன் என்.எச்.எல். கமிஷனர் ஆனார். அமெரிக்கா முழுக்க அணிகள் பரவியிருந்தால்தான் தேசிய டிவி ஒப்பந்தம் கிடைக்கும் என்பது கணக்கு.

டாம்பாவின் ஆரம்ப நாட்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவ்வளவு கூத்து. 1992-ல் ஒரு முன்சீசன் ஆட்டத்தில் மனோன் ரேயோம் என்ற பெண்ணைக் கோல்கீப்பராக இறக்கினார்கள். என்.எச்.எல். அணிக்காக ஆடிய முதல் பெண் அவர். விளம்பரத்துக்காகத்தான் என்று பலரும் சொன்னார்கள், அவர் இறங்கி ஆடினார். பிறகு மூன்று வருடம் பேஸ்பாலுக்காகக் கட்டிய ஒரு பிரம்மாண்ட டோமுக்குள் ஐஸ் போட்டு ஆடினார்கள். 1996-ல் அவர்களுக்கு முதல் பிளேஆஃப். ஒரு ஆட்டத்துக்கு 28,183 பேர் வந்தார்கள். ஐஸே தெரியாத ஊர்னு சொன்ன இடத்தில்!

அதே வருடம் ஃபுளோரிடா பான்தர்ஸ் கதை இன்னும் வேடிக்கை. சீசன் ஆரம்பத்தில் உடை மாற்றும் அறைக்குள் ஒரு எலி ஓடியது. ஸ்காட் மெலன்பி என்ற வீரர் அதைத் தன் ஸ்டிக்கால் அடித்துக் கொன்றார். அன்றைக்கே ரெண்டு கோலும் போட்டார். விஷயம் வெளியே வந்ததும் ரசிகர்கள் கோல் விழும்போதெல்லாம் பிளாஸ்டிக் எலிகளை ஐஸ் மேல் வீச ஆரம்பித்தார்கள், ஆயிரக்கணக்கில். பிளேஆஃபில் சுற்றுக்குச் சுற்று எலி மழை. தொடங்கி மூன்றாவது சீசனில் அந்த அணி இறுதிச் சுற்றுக்கே போய்விட்டது. கடைசியில் லீக் விதியை மாற்றி, எலி வீசினால் சொந்த அணிக்கே பெனால்டி என்று சொல்ல வேண்டி வந்தது. டெட்ராய்ட்டில் 1952-லிருந்து பிளேஆஃப் சமயத்தில் ஆக்டோபஸ் வீசுகிறார்கள். அப்போ கோப்பைக்கு எட்டு வெற்றி போதும், எட்டுக் கைக்கு எட்டு வெற்றி. அதைப் பாரம்பரியம் என்கிறோம். எலி மட்டும் என்ன குறைச்சல்?

ஆனா அந்த 1996 இறுதிச் சுற்றின் மறுபக்கத்தைப் பாருங்க. பான்தர்ஸை 4-0 என்று துடைத்துப் போட்டது கொலராடோ. அந்த அணி ஒரு வருடம் முன்பு வரை கனடாவின் கியூபெக் நகரத்தில் இருந்தது. வருடக்கணக்காகத் தோல்வியையே பார்த்த கியூபெக் ரசிகர்கள், இளம் வீரர்கள் பழுத்து வரும் நேரத்தில் அணியை இழந்தார்கள். போன முதல் வருடமே கோப்பை.

ஐ.பி.எல். பார்க்கிற நமக்கு ஃபிரான்சைஸ் என்ற சொல் பழகினதுதான். வட அமெரிக்காவில் அந்த ஃபிரான்சைஸை லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாம். 90-களில் கனடா டாலரின் மதிப்பு சரிந்துகொண்டே போனது. டிக்கெட் காசு கனடா டாலரில் வரும், வீரர்கள் சம்பளம் அமெரிக்க டாலரில் போகும். சம்பளத்துக்கு உச்சவரம்பும் அப்போ இல்லை, அது 2004-05 சீசன் முழுக்க ரத்தான பிறகுதான் வந்தது. சின்ன ஊர் அணிகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1995-ல் கியூபெக் போனது. 1996-ல் வினிபெக்.

வினிபெக் ஜெட்ஸ் அணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. 1987 பிளேஆஃபில் கால்கரி ரசிகர்கள் சிவப்பில் வந்ததற்குப் பதிலாக, வினிபெக் ரசிகர்கள் எல்லாரும் வெள்ளை உடையில் வந்தார்கள். அரங்கமே வெள்ளை. அந்தத் தொடரை ஜெட்ஸ் ஜெயித்தது. 1996-ல் அணி ஃபீனிக்ஸ் போனபோது இந்த வெள்ளை உடைப் பழக்கமும் கூடவே அரிஸோனா பாலைவனத்துக்குப் போனது. அணி கொயோட்டீஸ் என்று பெயர் மாறியது.

சரி, பாலைவனத்தில் என்ன ஆச்சு? முதலில் கொடுத்த அரங்கம் கூடைப்பந்துக்குக் கட்டியது. ஐஸ் ரிங்க் அதைவிட நீளம். அதனால் சில இருக்கைகளில் உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக் கோலே தெரியாது. 2003-ல் கிளென்டேலில் தனி அரங்கம் கட்டினார்கள், அது நகரத்தின் மேற்குக் கோடி. டிக்கெட் வாங்கும் வசதி உள்ளவர்கள் பலர் கிழக்கே. வேலை முடித்து டிராஃபிக்கில் அந்தக் கோடிக்குப் போகணும். 2009-ல் அணி திவால். பிளாக்பெர்ரி நிறுவனத்தின் ஜிம் பால்சிலி வாங்கி கனடாவின் ஹாமில்டனுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். லீக் நீதிமன்றத்தில் சண்டை போட்டுத் தடுத்து, தானே அணியை வாங்கிக்கொண்டது. அணி ஊரை விட்டுப் போகாமல் இருக்க கிளென்டேல் நகராட்சி ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் கொடுத்தது. அது மக்கள் வரிப்பணம்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே, முதலாளியே இல்லாத அந்த அணி 2012 பிளேஆஃபில் ரெண்டு சுற்று ஜெயித்தது. 1987-க்குப் பிறகு அந்த ஃபிரான்சைஸ் ஜெயித்த முதல் தொடர்கள். மூன்றாவது சுற்றில் லாஸ் ஏஞ்சலஸிடம் தோற்றது. அந்த லாஸ் ஏஞ்சலஸ்தான் அந்த வருடக் கோப்பையை எடுத்தது.

அட்லான்டாவுக்கு அந்த ஒரு வசந்தம்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஊர் ரெண்டு தடவை அணியை இழந்திருக்கிறது. முதல் அணி 1980-ல் கால்கரிக்குப் போனது. இரண்டாவது அணியான த்ராஷர்ஸ் 1999-ல் தொடங்கி 2011-ல் முடிந்தது. அத்தனை வருடத்தில் ஒரே ஒரு பிளேஆஃப், 2007-ல், நியூயார்க்கிடம் நாலுக்கு நாலும் தோல்வி. சொந்த ஊரில் மொத்தம் ரெண்டு பிளேஆஃப் ஆட்டம். முதலாளிகளோ ஒருத்தர் மேல் ஒருத்தர் வருடக்கணக்கில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 17 கோடி டாலருக்கு விற்றார்கள். அதில் 6 கோடி, ஊர் மாற்ற அனுமதித்ததற்காக லீக்குக்குப் போனது. வாங்கினது யாரு? வினிபெக். 15 வருடம் காத்திருந்த ஊர். 13,000 சீசன் டிக்கெட் சில நாட்களில் காலி.

கனடாவில் இதை நியாயம் கிடைத்த கதையாகச் சொல்வார்கள். வினிபெக்கைப் பொறுத்தவரை சரிதான். ஆனா "அட்லான்டாக்காரனுக்கு ஹாக்கி தெரியாது" என்று முடிப்பதை நான் ஏத்துக்க மாட்டேன். நான் வேலை செய்யும் துறையில், ஒரு ஆப்பைப் பாதி உடைஞ்ச நிலையில் வெளியிட்டுவிட்டு "யூசர்ஸ் சரியில்லை" என்று சொன்னால் மீட்டிங்கில் சிரிப்பார்கள். பன்னிரண்டு வருடத்தில் ரெண்டே ரெண்டு பெரிய ராத்திரி கொடுத்துவிட்டு, விசுவாசம் எங்கே என்று கேட்பது அப்படித்தான். பான்தர்ஸையே எடுத்துக்கோங்க. 1996-க்குப் பிறகு அடுத்த தொடரை ஜெயிக்க 2022 வரை ஆனது. நடுவில் அரங்கம் காத்து வாங்கியது, கிண்டல் பண்ணாத ஆள் இல்லை. ஆனா அணியை அங்கேயே விட்டு வைத்தார்கள். 2024-ல் இறுதிச் சுற்றில் எட்மன்டனை 3-0 என்று முந்தி, 3-3 ஆகி, ஏழாவது ஆட்டத்தில் ஜெயித்தார்கள். 2025-ல் மறுபடி அதே எட்மன்டன், மறுபடி கோப்பை. பிளாஸ்டிக் எலிகளும் திரும்பி வந்தன.

லாஸ் வேகஸ் வந்தபோது லீக் பாடம் படித்திருந்தது. நுழைவுக் கட்டணம் 50 கோடி டாலர். டாம்பா கொடுத்தது வெறும் 5 கோடி. இவ்வளவு வாங்கிக்கொண்டு மட்டமான வீரர்களைத் தர முடியாது. மற்ற ஒவ்வொரு அணியும் குறிப்பிட்ட சில வீரர்களை மட்டும் பாதுகாத்துக்கொள்ளலாம், மீதிப் பேரிலிருந்து ஆளுக்கு ஒருவரை வேகஸ் எடுத்துக்கொள்ளும். முதல் சொந்த ஊர் ஆட்டத்துக்கு ஒன்பது நாள் முன்பு, 2017 அக்டோபர் 1 அன்று, அந்த ஊர் இசைவிழா ஒன்றில் துப்பாக்கிச் சூடு. 58 பேர் உயிரிழந்ததாக அப்போது கணக்கு. ஊரில் பல வருடமாக வாழ்ந்த டெரிக் எங்கலண்ட் என்ற தடுப்பாட்டக்காரர் மைக்கைப் பிடித்துப் பேசினார், அந்த ஆட்டத்தில் ஒரு கோலும் போட்டார். 58 என்ற எண்ணை இனி யாரும் அணியக் கூடாது என்று அணி ஒதுக்கி வைத்தது. எந்த மார்க்கெட்டிங் டீமும் உருவாக்க முடியாத ஒட்டுதல் அது. முதல் சீசனிலேயே இறுதிச் சுற்று. அந்த வழியில் அரையிறுதியில் அவர்களிடம் தோற்ற அணி, வெள்ளை உடையில் நின்ற வினிபெக். 2023-ல் வேகஸ் கோப்பையை ஜெயித்தபோது, பிளேஆஃபின் சிறந்த வீரர் ஜோனதன் மார்ஷசோ. அவரைப் பாதுகாக்காமல் விட்டுக் கொடுத்தது பான்தர்ஸ். இறுதிச் சுற்றில் எதிரே நின்றதும் பான்தர்ஸ்தான்.

அரிஸோனா கதை 2024-ல் முடிந்தது. கடைசி ரெண்டு வருடம் ஒரு பல்கலைக்கழக அரங்கத்தில், 5,000 பேர்கூட உட்கார முடியாத இடத்தில் ஆடினார்கள். புது அரங்கத்துக்கான திட்டத்தை 2023 மே மாதம் டெம்பி நகர மக்கள் ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். அடுத்த ஏப்ரலில் 120 கோடி டாலருக்குக் கைமாறி, வீரர்கள் எல்லாரும் யூட்டாவுக்குப் போனார்கள். கடைசி ஆட்டம் எட்மன்டனோடு, 5-2 என்று ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் ரசிகர்கள் எழுந்து போகவில்லை.

அந்த 28 வருடத்தில் அங்கே ஒன்றுமே வளரலையா? 1997-ல் பிறந்து ஃபீனிக்ஸ் பக்கத்து ஸ்காட்ஸ்டேலில் வளர்ந்த ஒரு பையன், சின்ன வயதில் கொயோட்டீஸ் ஆட்டம் பார்க்கப் போய் ஹாக்கி பைத்தியம் பிடித்து வந்தான். அம்மா மெக்சிகோக்காரர். பெயர் ஆஸ்டன் மேத்யூஸ். 2016-ல் லீக்கின் முதல் தேர்வாக அவரை எடுத்தது ஹாக்கியின் கோயில் மாதிரியான டொரான்டோ. கொயோட்டீஸ் மூடின அந்த 2023-24 சீசனில் அவர் போட்டது 69 கோல்.