மலையேறி வந்த விசுவாசம்



ஜூபிலி மலரில் கோவில் வரலாறு என்றால், எந்தச் சுவாமி எந்த ஆண்டில் வந்தார், எந்தச் சுவரை எழுப்பினார் என்று வரிசையாக எழுதுவது வழக்கம். நாம் இங்கே கேட்க விரும்புவது வேறு. உதகையின் ஓரத்தில் உள்ள நமது காந்தலுக்கு இத்தனை கிறிஸ்தவக் குடும்பங்கள் எப்படி வந்து சேர்ந்தன?

நீலகிரிக்கு முதலில் வந்த வேதபோதகர்களில் ஒருவர் சேசு சபையைச் சேர்ந்த யாக்கோமே பெனிசியோ சுவாமி. மலைமேல் பண்டைக் கிறிஸ்தவர்கள் திருச்சபையை மறந்து வாழ்கிறார்கள் என்றொரு பேச்சு அக்காலத்தில் மலையாளக் கரையில் உலவிற்று. அதைக் கேட்டு அங்கமாலி ஆயர் பிரான்சிஸ் ரோஸ் ஆண்டகை 1603-இல் அவரை அனுப்பினார். மன்னார்க்காடு வழியாகக் காடும் மேடும் கடந்து வந்தார். தோதவரைக் கண்டார், படகரைக் கண்டார். படகப் பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் நூற்கண்டும் கொடுத்தார். கிறிஸ்தவர் ஒருவரையும் காணவில்லை. கள்ளிக்கோட்டைக்குத் திரும்பிக் கடிதம் எழுதினார். இன்று தோதவர் வரலாற்றை ஆராய்வோர் அதைப் போற்றுகிறார்கள். வேதபோதகம் மட்டும் அத்துடன் நின்றுவிட்டது.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தன. 1819-இல் சல்லிவன் துரை கோத்தகிரிக்கு வந்தார். பிறகு பாதை வெட்டவும், கல் சுமக்கவும், துரைமார் வீட்டில் சமைக்கவும், தோட்டம் போடவும் கோவை, சேலம், மைசூர்ப் பக்கத்து ஏழைகள் மலையேறினார்கள். அவர்களில் ஜெபமாலையோடு வந்தவர்களும் இருந்தார்கள். வெல்லிங்டன் பாளையத்துப் பட்டாளத்தில் கத்தோலிக்க ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள். ஆக, பெனிசியோ சுவாமி தேடிய கிறிஸ்தவர்கள் கூலிக்காரராகவும் சிப்பாய்களாகவும் பின்னால் வந்தார்கள்! 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் ரயில் வந்தபின் கூட்டம் பெருகிற்று. எஸ்டேட் லயன்களில் குருவானவரின் முகத்தை எப்போதோ ஒருமுறை பார்த்தவர்களுக்கு, உபதேசியார்தான் வேதம் சொல்லிக் கொடுத்தார். மலர்களில் அவர்களுடைய படம் அபூர்வமாகவே அச்சாகிறது, இது நியாயமன்று.

பாரீஸ் வேதபோதக சபைக் குருக்கள் பட்ட பாட்டையும் மறக்கலாகாது. கோவையின் மேய்ப்பராக இருந்த மேதகு மரியோன் பிரேசியாக் ஆண்டகை, இந்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டுமென்று ஓயாது வாதாடியவர். சாதி வழக்கங்கள் பற்றிய சர்ச்சையில் மனம் நொந்து 1855-இல் பதவி துறந்தார். பின்பு ஆப்பிரிக்க வேதபோதகத்திற்கென ஒரு சபையை நிறுவி, 1859-இல் ஃப்ரீடவுனில் நோய்கண்டு இறந்தார். கோவையிலிருந்து மைசூரின் கீழ்ப் போன நீலகிரி, 1955 ஜூலை 3-இல் தனி மறைமாவட்டமாயிற்று. முதல் ஆயர் இந்தியரான மேதகு அந்தோணி படியறை ஆண்டகை. அப்போது அவருக்கு வயது 34. ஆண்டகை பதவி துறந்து சரியாக நூறாண்டு!

நமது குருசடியைத் தென்னகத்தின் கல்வாரி என்கிறார்கள். ஆண்டவர் அறையுண்ட மெய்யான சிலுவையின் திருப்பண்டம் இங்கே வணங்கப்படுகிறது. சிலுவை கண்டெடுத்த திருநாளான மே 3, 1960-இல் உரோமைப் பொது நாட்காட்டியினின்று நீக்கப்பட்டது. காந்தல் மட்டும் மே மாதத்தை விடவில்லை. கோடைக்குளிரில் பிற சமயத்தாரும் மெழுகுதிரியோடு நிற்பதைக் காணும்போது, நாட்காட்டியைவிட மக்களின் நினைவு உறுதியானது என்று நமக்குத் தோன்றுகிறது.

மற்றொரு வருகையும் உண்டு. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்கள் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் இங்கே தொடங்கிற்று. "ஊருக்குத் திரும்பினோம்" என்றார்கள். இங்கு வந்ததும் "சிலோன்காரர்" என்று பெயர் வைத்தோம். அவர்களில் பலருடைய ஞானஸ்நானப் பதிவு ஹட்டனிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் கிடக்கிறது. கலியாணத்துக்கு ஓலை வாசிக்குமுன் அந்தச் சீட்டுக்காகக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். யாருடைய வீட்டுத் தகரப் பெட்டியிலாவது பழைய ஞானஸ்நானச் சீட்டு, கப்பல் பயணப் பத்திரம், உபதேசியாராக இருந்த பாட்டனாரின் படம் இருந்தால், ஞாயிறு பூசைக்குப் பின் அறைவீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.