விடுமுறை முகாமும் தனித்து நிற்கும் பெற்றோரும்

ஊதியத்தோடு கூடிய ஓய்வு உழைப்பவரின் உரிமை என்பது இருபதாம் நூற்றாண்டு ஈட்டித் தந்த பேறுகளுள் ஒன்று. பிரான்சு நாட்டில் 1936-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இயற்றப்பெற்ற சட்டம் தொழிலாளர்க்கு ஆண்டுக்கு இரண்டு வார விடுப்பை வழங்கிற்று. பிரித்தானியாவில் அதற்கு வழிதிறந்த சட்டம் 1938-இல் வந்தது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைக் குறித்து 1981-இல் விடுத்த சுற்றுமடலில், ஞாயிறு ஓய்வோடு ஆண்டு விடுமுறையையும் தொழிலாளரின் உரிமைகளுள் வைத்து எண்ணினார்.

ஆனால் இச்சட்டங்கள் யாவும் ஆலையின் வாயிலோடு நின்றுவிடுகின்றன. ஆலையிலிருந்து வீடு திரும்பி அடுப்பு மூட்டுகிறவருக்கு, பிள்ளையைக் குளிப்பாட்டி உறங்க வைக்கிறவருக்கு விடுப்பு அளிப்பவர் யார்? கணவனும் மனைவியும் உள்ள வீட்டில் ஒருவர் சுமையை மற்றவர் சிறிது நேரமேனும் வாங்கிக்கொள்ளலாம். இறப்பாலோ பிரிவாலோ ஒருவரே தாயும் தந்தையுமாக நிற்கும் வீட்டில் வாங்கிக்கொள்ள வேறு கை இல்லை. ஐரோப்பாவில் அத்தகைய ஒருவர் தம் பிள்ளைகளோடு அயல்நாட்டு விடுமுறைப் பூங்கா ஒன்றுக்குச் செல்லத் திட்டமிடுகிறார் என்று கொள்வோம். குடில்கள், உணவகம், நீச்சற்குளம், விளையாட்டிடம் யாவும் ஒரே வேலிக்குள் அமைந்து, குடும்பங்கள் சில நாள் தங்கிச் செல்லும் இடத்தையே விடுமுறைப் பூங்கா என்கிறார்கள். அவர் எதிர்கொள்ளும் இடர்கள் பலவற்றின் வேர், இவ்விடங்கள் தோன்றி வளர்ந்த வரலாற்றிலேயே கிடக்கிறது.

தொடக்ககால முகாம்கள் குடும்பத்திற்கென எழுந்தவை அல்ல. 1894-இல் ஆங்கிலேயத் தீவுகளுள் ஒன்றான மான் தீவில் கன்னிங்காம் என்பவர் தொடங்கிய கூடார முகாமில் இளைஞர்கள் மட்டுமே தங்கினர். மது அங்கே விலக்கப்பட்டிருந்தது. 1906-இல் நார்ஃபோக் கடற்கரையில் எழுந்த கேய்ஸ்டர் முகாம் பொதுவுடைமை நாட்டம் கொண்டோரின் கூடாரம். இரண்டிலும் ஒழுங்கும் கொள்கையும் இருந்தன. தாய்க்கு ஓய்வு என்ற எண்ணம் இல்லை.

அவ்வெண்ணத்தைப் பெரிய அளவில் செயலாக்கியவர் பில்லி பட்லின். அவருடைய இளமை நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. 1899-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் பிறந்தார். பெற்றோரின் மணவாழ்வு முறிந்தது. தாய் சிறுவனை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து வந்தார். ஊர் ஊராகச் சந்தைக் கேளிக்கை நடத்திய குடும்பம் அவருடையது. சில ஆண்டுகள் அந்தச் சந்தைகளோடு அலைந்து, இஞ்சி சேர்த்துச் சுட்ட இனிப்பு ரொட்டி விற்றுப் பிழைத்தார். பின்னர் மறுமணம் செய்து கனடா சென்றபோது மகனைப் பிரிஸ்டல் நகரில் உறவினரிடம் விட்டுச் சென்று, ஈராண்டுகள் கழித்தே அழைத்துக்கொண்டார். டொரன்டோவில் ஒரு பெரிய வணிக நிறுவனத்தில் வேலை செய்த நாளில், ஊழியர்களுக்கென அந்நிறுவனம் ஒன்டாரியோ ஏரிக்கரையில் நடத்திய கோடை முகாமில் இளைஞன் பில்லி தங்கினார். அதுவே தம் முதல் உண்மையான விடுமுறை என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1921-இல் ஏறக்குறைய வெறுங்கையோடு இங்கிலாந்து திரும்பி, வளையம் எறிந்து பரிசு வெல்லும் கடை ஒன்றால் பட்லின் முன்னேறினார். வேல்ஸ் நாட்டின் பேரி தீவில் தங்கியபோது அவர் கண்ட காட்சி ஒன்று வரலாற்றை மாற்றியது எனலாம். அந்நாளில் கடற்கரை ஊர்களில் விடுதி நடத்திய பெண்மணிகள் காலை உணவு முடிந்ததும் விருந்தினரை வெளியே அனுப்பிவிடுவர். அடுத்த வேளை உணவுவரை உள்ளே வரலாகாது. மழை பெய்தாலும் அதே விதி. நனைந்த பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைவீதியில் போக்கிடமின்றி அலைந்த குடும்பங்களை அவர் கண்டார். ஊருக்குப் போகாமலே இருந்திருக்கலாம் என்று அத்தாய்மார் எண்ணியிருக்கமாட்டார்களா?

1936 ஏப்ரலில் லிங்கன்ஷயர் கடற்கரையில் ஸ்கெக்னஸ் என்னும் ஊரில் பட்லினின் முதல் முகாம் திறக்கப்பட்டது. மூன்று வேளை உணவும் கேளிக்கையும் சேர்த்து வாரத்துக்கு ஆள் ஒருவருக்குப் பருவத்தைப் பொறுத்து 35 ஷில்லிங் முதல் 3 பவுண்டு வரை கட்டணம். இதில் இரண்டு செய்திகளை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். முதலாவது, கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று வகுக்கப்பட்டது. ஒரு தாயும் இரு பிள்ளைகளும் வந்தால் ஒரு தாய்க்கும் இரு பிள்ளைகளுக்குமே பணம். வராத கணவனுக்கு அன்று. இரண்டாவது, சமையல் இல்லை, பாத்திரம் துலக்குவதில்லை. ஆலைச் சட்டம் தர மறந்த விடுப்பை, இலாபம் தேடிய ஒரு வணிகர் கட்டணம் வாங்கிக்கொண்டு தந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மாலையில் பிள்ளைகள் குடில்களில் உறங்கிய பின் பணியாளர்கள் வரிசை வரிசையாகச் சுற்றி வந்து, அழுகுரல் கேட்கிறதா என்று செவிமடுப்பர். கேட்டால் நடன அரங்கில் அந்தக் குடிலின் எண் அறிவிக்கப்படும்: இன்ன எண்ணுள்ள குடிலில் குழந்தை அழுகிறது. தாய் எழுந்து ஓடுவாள். பின்னாளில் இதை நகைச்சுவையாகப் பேசியவர்கள் பலர். முகாம் வாழ்வே படை முகாம் போன்றது, ஒலிபெருக்கி ஆணையிட மக்கள் ஆடினார்கள் என்று எள்ளி நகையாடிய அறிஞர்களும் உண்டு. அவர்களுள் எத்தனை பேர் இரண்டு வயதுப் பிள்ளையைத் தனியே தூங்க வைத்திருப்பார்கள் என்று எனக்கு ஐயமுண்டு. துணையற்ற ஒருத்திக்கு அந்த அறிவிப்பு, மாலை வேளையில் மற்ற மனிதரோடு அமர்ந்து பேசக் கிடைத்த இரண்டு மணி நேரம் ஆகும்.

சமுதாயம் அவளை வரவேற்றது என்று இதனால் பொருளில்லை. மணமாகாத தாய்மார்க்கும் அவர்தம் பிள்ளைகளுக்குமான தேசிய மன்றம் பிரித்தானியாவில் 1918-லேயே தோன்றியிருந்தும், அவர்களைக் குறித்த இழிசொல் எளிதில் மறையவில்லை. கைம்பெண்ணுக்கு இரக்கம் உண்டு; கணவனைப் பிரிந்தவளுக்கு அதுவும் இல்லை. 1969-இல் அரசு அமைத்த குழு 1974-இல் அறிக்கை அளித்தபோது, ஒற்றைப் பெற்றோர் குடும்பங்கள் 6 லட்சத்துக்கு மேல் என்பது நாடறிந்த செய்தியாயிற்று. அதற்கு முன்பே, 1970-இல், இலண்டனில் தனித்து வாழ்ந்த தாய் டெசா ஃபோதர்கில் தம்மைப் போன்றோரை ஒன்றுகூட்டி ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதன் பெயர் ஜிஞ்சர்பிரெட். பட்லினின் தாய் சந்தையில் விற்ற அதே இஞ்சி ரொட்டியின் பெயர். இரண்டுக்கும் தொடர்பேதும் இல்லை. ஆயினும் வரலாறு சில வேளைகளில் இப்படிப் புன்னகை செய்கிறது.

இவ்வாறிருக்க, நெதர்லாந்து நாட்டில் விடுமுறை வேறொரு வடிவம் எடுத்தது. பீட் டெர்க்சன் என்பவர் 1953-இல் ரோட்டர்டாம் நகரில் விளையாட்டுப் பொருட் கடை தொடங்கி வளர்ந்தவர். 1968-இல் லிம்பர்க் மாநிலத்தில் ரோய்வர் என்னும் ஊரருகே, காட்டின் நடுவில் சிறு வீடுகளைக் கட்டித் தம் முதல் பூங்காவைத் திறந்தார். யாப் பாகெமா என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அவ்வீடுகளை வடிவமைத்தார். நகரத்தின் இரைச்சலில் சிதறிக்கிடக்கும் குடும்பம் மரங்களுக்கிடையே மீண்டும் ஒன்றுகூட வேண்டும் என்பதே டெர்க்சனின் நோக்கம். அதனால் அண்டை வீட்டார் கண்ணில் படாதவாறு ஒவ்வொரு வீடும் அமைக்கப்பட்டது. சமையலறை உள்ளேயே இருந்தது. 1980-இல் ஃப்ளேவோலாந்தில் திறந்த பூங்காவில் கண்ணாடிக் கூரையின் கீழ் வெப்பநாட்டுச் செடிகளும் வெதுவெதுப்பான குளமும் அமைத்து, மழையையும் குளிரையும் வென்றார். சென்டர் பார்க்ஸ் என்னும் பெயரால் அப்பூங்காக்கள் பரவி, 1987-இல் இங்கிலாந்தின் ஷெர்வுட் காட்டை அடைந்தன. டெர்க்சன் ஆழ்ந்த கத்தோலிக்கர். தம் பெருஞ்செல்வத்தை நற்செய்திப் பணிக்கும் ஏழைகளுக்குமென வழங்கி, 1996-இல் இறந்தார். அப்படிப்பட்டவரை மதிக்காமல் இருக்க ஒரு குருவால் இயலாது.

ஆயினும் அவர் மனத்திலிருந்த குடும்பம் எது என்று கேட்கத்தான் வேண்டும். காட்டின் நடுவில் வீடு, வீட்டில் தந்தையும் தாயும் பிள்ளைகளும். கட்டணம் இப்போது தலைக்கு அன்று, வீட்டுக்கு. நால்வருக்கான வீட்டில் மூவர் தங்கினாலும் வாடகை ஒன்றே. ஒரே ஊதியத்தில் வாழும் வீடு இரண்டு ஊதியம் உள்ள வீட்டுக்கு இணையாகச் செலுத்த வேண்டும். பொதுச் சாப்பாட்டுக் கூடம் போய், சமையல் திரும்பி வந்தது. பிள்ளைகள் உறங்கியபின் கதவைச் சாத்தினால் வெளியே மரங்கள் மட்டுமே. பெற்றோர் இருவருக்கு இனிய தனிமையாக அமைவது, ஒருவருக்கு வெறும் தனிமையாகிவிடுகிறது. நன்மையும் ஒன்றுண்டு, அதையும் சொல்வதே நேர்மை: ஊர்திகளை வாயிலருகே நிறுத்திவிட்டு உள்ளே மிதிவண்டியில் செல்வது வழக்கம் ஆதலால், பிள்ளையின் கையை ஓயாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குளத்தில்தான் இடர். சிறு பிள்ளைகள் இத்தனை பேருக்குப் பெரியவர் ஒருவர் தண்ணீரில் உடனிருக்க வேண்டும் என்ற விதி பல குளங்களில் உண்டு. மூன்று சிறுவரோடு செல்லும் தாயோ தந்தையோ வாயிலிலேயே திருப்பப்படலாம். புறப்படும் முன் கேட்டறிய வேண்டியவற்றுள் இதுவே முதலாவது என்பேன்.

நாடு கடந்து செல்லும்போது வேறு சுமைகளும் சேர்கின்றன. 1965 முதல் பிரித்தானிய நிறுவனங்கள் பிரான்சின் முகாம்களில் கூடாரங்களை முன்னரே அடித்துவைத்து வாடகைக்கு விடத் தொடங்கின. தனியாளால் கூடாரம் அடிக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் ஒருசேர முடியாது ஆதலால் இது பெரிய உதவி. ஆனால் எல்லையில் வேறொரு கேள்வி காத்திருக்கிறது: பிள்ளையின் மற்றப் பெற்றோர் இசைந்தாரா? பிரிந்த பெற்றோருள் ஒருவர் பிள்ளையோடு மறைந்துவிடும் கொடுமையைத் தடுக்கவே 1980-இல் ஹேக் உடன்படிக்கையும், 1984-இல் பிரித்தானியாவின் பிள்ளைக் கடத்தல் சட்டமும் எழுந்தன. இங்கிலாந்திலும் வேல்சிலும், பெற்றோர் உரிமை உடைய மற்றவரின் இசைவின்றிப் பிள்ளையை நாட்டுக்கு வெளியே அழைத்துச் செல்லலாகாது. பிள்ளை தம்மோடு வாழவேண்டும் என்ற நீதிமன்ற ஆணை பெற்றவர் மட்டும் ஒரு மாதத்துக்குக் குறைந்த காலத்துக்கு அழைத்துச் செல்லலாம். நியாயமான சட்டமே. எனினும் தன்னை அடித்து விரட்டியவனிடம் கையொப்பம் கேட்டு நிற்கும் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தாயின் குடும்பப் பெயர் வேறு, பிள்ளையின் பெயர் வேறு என்றால் பிறப்புச் சான்றிதழையும் இசைவுக் கடிதத்தையும் உடன் கொண்டு செல்வது அறிவுடைமை. பிள்ளைகளின் கடவுச்சீட்டு 5 ஆண்டுகளே செல்லும் என்பதை மறந்து, புறப்படும் வாரத்தில் திகைப்போர் உண்டு.

பள்ளி நாள்களும் ஒரு முட்டுக்கட்டை. விடுமுறைக் காலத்தில் கட்டணம் வெகுவாக உயரும். பள்ளி நடக்கும் நாளில் குறையும். இங்கிலாந்தில் 2013 செப்டம்பர் முதல், தனிச்சிறப்பான காரணமின்றித் தலைமையாசிரியர் விடுப்பு அளிக்கலாகாது என்று விதி இறுகியது. மனைவியைப் பிரிந்த தந்தை ஒருவர் 2015 ஏப்ரலில் தம் ஆறு வயது மகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். ஏழு பள்ளி நாள்கள் தவறின. 60 பவுண்டு தண்டம், செலுத்தாததால் 120 ஆயிற்று. கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன. 2017 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பள்ளியின் ஒழுங்கை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மகளோடு செலவிடும் நாள்களை மனைவியோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டிய தந்தைக்கு, நாட்காட்டியே ஒரு வேலியாகிவிடுகிறது.

இத்தனைக்கும் நடுவில் தனித்த பெற்றோர் தாமே கண்ட வழி ஒன்றுண்டு. கட்டணம் வீட்டுக்குத்தானே? தாய் ஒருத்தியும் அவள் பிள்ளைகள் இருவரும், தந்தையோ தாயோ வேறொருவரும் அவர் பிள்ளைகளுமாக இரு குடும்பங்கள் சேர்ந்து பெரிய வீடொன்றை எடுத்துக்கொள்கின்றன. வாடகை பாதியாகிறது. குளத்தில் ஒருவர் சிறுவரோடு நிற்க, மற்றவர் பெரிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். இரவில் ஒருவர் உறங்கும் பிள்ளைகளுக்குச் செவிகொடுத்து அமர்ந்திருக்க, மற்றவர் ஏரிக்கரையில் சற்று நடந்துவிட்டு வருகிறார். மறுநாள் இரவு முறை மாறுகிறது. உடன் வருபவரைத் தேர்ந்துகொள்வதும், யார் சமைப்பது, பிள்ளைகள் சண்டையிட்டால் கண்டிப்பது யார் என்று முன்கூட்டியே பேசி முடிப்பதும், கடவுச்சீட்டு வாங்குவதற்கும் முன்னே செய்ய வேண்டிய வேலைகள்.