தாய்ப்பால் பம்பின் வரலாறு

தாய்ப்பால் பம்ப் என்பது தாயின் மார்பிலிருந்து பாலை உறிஞ்சி எடுக்கும் கருவி. இன்று வேலைக்குச் செல்லும் தாய்மாரோடு சேர்த்தே பேசப்படும் இக்கருவி, தொடக்கத்தில் மருத்துவத் தேவைக்காகவே உருவானது. பால் கட்டிக்கொண்டு வலிக்கும் மார்பைத் தளர்த்தவும், உள்வாங்கிய காம்பை வெளியே கொண்டுவரவும், சப்பிக் குடிக்க வலுவில்லாத குறைமாதக் குழந்தைக்குப் பால் எடுக்கவும் இது பயன்பட்டது.

அமெரிக்காவில் 1854-ஆம் ஆண்டு ஓ. எச். நீதம் என்பவர் மார்பகப் பம்ப் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். புகழ்பெற்ற சதுரங்க ஆட்டக்காரரும் பொறியாளருமான எட்வர்ட் லாஸ்கர் 1920-களில் ஒரு பம்பை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். ஆனால் அடிப்படைக் கேள்வியை முறையாக ஆராய்ந்தவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஐனார் எக்னெல். தாய்க்குக் காயம் ஏற்படாமல் எந்த அளவு வரை உறிஞ்சலாம் என்பதே அக்கேள்வி. 1956-இல் தம் முடிவுகளை வெளியிட்ட அவர், ஆய்வுக்குத் துணைநின்ற செவிலியரின் நினைவாகத் தம் கருவிக்குச் 'சிஸ்டர் மாயா' என்று பெயரிட்டார். எனினும் மின்சாரப் பம்ப் நெடுங்காலம் மருத்துவமனைப் பொருளாகவே இருந்தது.

1990-களில் நிலை மாறியது. மெடெலா நிறுவனம் வீட்டில் பயன்படுத்தத்தக்க சிறிய மின்சாரப் பம்பை 1991-இலும், தோள்பைக்குள் அடங்கிய பம்பை 1996-இலும் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவை அமெரிக்காவில் பரவியதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமன்று. அங்கு 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தகுதியுள்ள ஊழியருக்கு அளித்தது 12 வார விடுப்பு, அதுவும் ஊதியமில்லாதது. குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 1997-இல் பரிந்துரைத்தது. உலக சுகாதார அமைப்பு, நான்கு முதல் ஆறு மாதம் என்றிருந்த தன் பரிந்துரையை 2001-இல் ஆறு மாதமாக உறுதிசெய்தது. பன்னிரண்டாம் வாரத்துக்கும் இருபத்தாறாம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தைப் பம்ப்தான் நிரப்ப வேண்டியிருந்தது. மார்பில் பால் தேங்கினால் சுரப்பு குறையும் என்பதால், வேலை நேரத்திலும் சில மணிக்கொரு முறை பால் எடுத்தாக வேண்டும்.

2010-ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தை பிறந்து ஓராண்டு வரை பால் எடுக்க நேரமும், கழிப்பறை அல்லாத மறைவான இடமும் தரும்படி முதலாளிகளுக்குக் கட்டளையிட்டது. பம்புக்கான செலவும் காப்பீட்டின் கீழ் வந்தது. ஆனால் ஊதியத்துடன் கூடிய விடுப்பு வரவில்லை. குழந்தையைத் தாயிடம் விடுவதைவிடக் கருவியைக் கொடுப்பது அரசுக்கு எளிதாக இருந்தது என்றே கொள்ளவேண்டும்.

இந்தியா வேறு வழியில் சென்றது. 2017-இல் முதல் இரு குழந்தைகளுக்கான மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக, ஊதியத்துடன், உயர்த்தப்பட்டது. பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் எடுத்துக்கொண்டால் பின்னர் மிஞ்சுவது 18 வாரமே. வயல்வேலை, கட்டட வேலை, வீட்டு வேலை செய்யும் பெரும்பான்மைப் பெண்களுக்கு இவ்விடுப்பு நடைமுறையில் எட்டுவதில்லை.

பம்ப் பயன்படுத்தினால் தாய்ப்பால் கொடுக்கும் காலம் நீளுமா என்பதை எளிதில் சொல்லிவிட முடியாது. வேலைக்குத் திரும்பியும் தொடர விரும்பும் தாய் பம்பை நாடுகிறார். பால் போதாமல் திணறும் தாயும் அதையே நாடுகிறார். இருவரையும் ஒரே கணக்கில் சேர்த்தால் கருவியின் விளைவு புலப்படாது.

வரையறையிலும் ஒரு சிக்கல் உண்டு. 'தாய்ப்பால் மட்டும்' என்பதில் பீய்ச்சி எடுத்துக் கொடுக்கும் பாலையும் உலக சுகாதார அமைப்பு சேர்க்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை முந்தைய நாளில் வேறு எதுவும் உண்ணாமல் தாய்ப்பால் மட்டும் குடித்ததா என்பதே கணக்கெடுப்பின் வழக்கமான கேள்வி. தாயின் மடியில் குடித்த குழந்தையும், தாய் அலுவலகத்தில் இருக்கும்போது பாட்டியின் கையால் புட்டியில் குடித்த குழந்தையும் அந்தக் கணக்கில் ஒன்றே.