தங்கக் கரைசலும் உப்புக் கிணறும்: நனோ உணரிகளின் வளர்ச்சி குறித்து

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் அடிக்கும் கிருமிநாசினியில் ஒரு பங்கு வடிச்சலோடு கிழக்கு நோக்கியே வருகிறது. கரையோர மணலில் தோண்டிய ஆழமற்ற கிணறுகளும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

நஞ்சருந்தி இறப்போர் தொகையைக் குறைக்க, இலங்கை 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகிய கிருமிநாசினிகளையும் 1998இல் எண்டோசல்பானையும் தடைசெய்தது. உயிர்களைக் காத்த முடிவு அது. ஆனால் தண்ணீரில் கலந்த சுவட்டளவு நஞ்சைக் கண்டறிவது வேறு பிரச்சினை. அதற்கு விலையுயர்ந்த குரோமட்டோகிராபிக் கருவி வேண்டும். கிணற்றடியிலேயே சோதிக்கலாம் என்ற நம்பிக்கையைத் தந்தவை நனோ துணிக்கைகள்.

இந்த வரலாறு 1857இல் மைக்கேல் பரடேயிடம் தொடங்குகிறது. நுண்ணிய தங்கத் துணிக்கைகள் மிதந்த அவருடைய கரைசல் மாணிக்கச் சிவப்பாக இருந்தது. சாதாரண உப்பைச் சேர்த்ததும் நீலமானது. துணிக்கையில் உள்ள இலத்திரன்கள் ஒளியோடு சேர்ந்து அசைவதால் தோன்றும் நிறம் அது என்பதற்கான கணக்கை 1908இல் குஸ்தாவ் மீ தந்தார். துணிக்கைகள் தனித்தனியே நின்றால் சிவப்பு, நெருங்கித் திரண்டால் நீலம். 1951இல் டர்கெவிச் குழுவினர் சோடியம் சித்திரேற்றைக் கொண்டு இத்துணிக்கைகளைச் சீராக ஆக்கும் எளிய வழியைக் காட்டினர்.

இன்னொரு கிளை திருச்சியில் பிறந்த சி.வி. இராமனின் 1928ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பிலிருந்து வந்தது. ஒவ்வொரு வகை மூலக்கூறும் தனக்கே உரிய விதத்தில் ஒளியைச் சிதறுவதே இராமன் சிதறல்; அது மிக மங்கலானது. 1974இல் சவுதாம்ப்டன் ஆய்வாளர்கள் சொரசொரப்பான வெள்ளியில் ஒட்டிய பிரிடீனிடம் அது வியக்கத்தக்க வலுவுடன் எழுவதைக் கண்டனர். 1977இல் அந்த வலுவூட்டல் இலட்சம் மடங்கு வரை செல்வது தெளிவாயிற்று. 1997இல் தனி மூலக்கூறையே காண முடிந்தது.

நமக்கு மிக அருகில் நடந்த ஆய்வு சென்னை ஐ.ஐ.டி.யுடையது. பேராசிரியர் த. பிரதீப் குழுவினர் 2003இல், தங்க நனோ துணிக்கைகளில் எண்டோசல்பான் ஒட்டும்போது நிறம் மாறுவதை வெளியிட்டனர். இதை முக்கியமான படியாகவே நான் கருதுகிறேன். எனினும் அவர்கள் கண்டறிந்தது மில்லியனில் சில பங்கு என்ற அளவில். குடிநீரில் தனியொரு கிருமிநாசினிக்கு ஐரோப்பா விதித்துள்ள எல்லையோ லீற்றருக்கு 0.1 மைக்ரோகிராம், பல ஆயிரம் மடங்கு குறைவு.

உணர்திறன் மட்டும் கூடினால் போதாது. 2004 ஆழிப்பேரலை இக்கரையோரக் கிணறுகளை உப்பாக்கியது. கடலை ஒட்டிய மணற்கிணறுகளில் வரட்சிக் காலத்தில் உப்பு ஏறுவது இன்றும் உண்டு. அத்தகைய நீரைச் சித்திரேற்றுப் பூச்சுள்ள தங்கக் கரைசலில் விட்டால், நஞ்சு துளியும் இல்லாமலே நீலமாகும். பரடே கண்ட அதே மாற்றம். வீட்டாருக்கு அது வீண் பயத்தைத் தரும். உப்பைத் தாங்கும் பூச்சு துணிக்கைக்கு வேண்டும். ஒப்பீட்டு மாதிரியும் வேண்டும். அதே கிணற்று நீரை உயிர்ப்பூட்டிய கரியில் வடித்தால் கிருமிநாசினி பெரும்பாலும் கரியில் தங்கும், உப்பு நீரோடு போகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிறமாற்றத்தின் காரணம் புலப்படும்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில், இந்த வயல்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் வெற்றி பெற்ற உணரிகளை இரு போகங்களிலும் நமது கிணற்று நீரில் சோதித்து, பிழைத்த முடிவுகளையும் சேர்த்து வெளியிடுமாறு அங்குள்ள இளம் ஆய்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.