செம்மரம், களா, நொச்சி: ஏர்பேட்டைச் சுற்றி இயல்பாக வளரும் தாவரங்கள் என்னென்ன?

திருப்பதியிலிருந்து காளஹஸ்திக்கு பஸ்ஸில் போகிறவர்கள் ஏர்பேடு பக்கம் ஜன்னல் வழியே பார்த்தால், 'வெறும் முள்ளுக்காடு' என்றுதான் நினைப்பார்கள். சாலையோரம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் இந்த மண்ணின் மரமே இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தது. சொந்தச் செடிகளைப் பார்க்க ஆற்றங்கரைக்கும் மலைச்சரிவுக்கும் கொஞ்சம் நடக்க வேண்டும்.

ஆற்றின் பெயர் சுவர்ணமுகி. கண்ணப்பர் கதையில் வரும் பொன்முகலி இதுதான். சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் தொடங்கி வங்கக் கடலில் கலக்கிறது.

வெள்ளமும் வறட்சியும்

வருஷத்தில் பல மாதங்கள் ஆற்றில் மணல்தான் தெரியும். "இதுல எங்க தண்ணி வரப்போகுது" என்று தோன்றும். அதே ஆறு 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியது. இந்த இரண்டையும் தாங்குகிற செடிதான் இங்கே நிலைக்கும். கரையோர நொச்சி ஒடிந்தாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். புங்கனும் நீர்மருதும் வேரால் கரை மண்ணைப் பிடித்து வைக்கும்.

மேட்டு நிலத்தில் களா, சூரை, வெள்வேல், உசிலை. தலைக்குத் தேய்க்கும் அரப்பு, உசிலை இலையை உலர்த்தி அரைத்த பொடிதான். களா கடும் வெயிலிலும் பச்சையாக நிற்கும். அதன் பழம் கறுக்கும்வரை பொறுத்திருந்தால்தான் இனிக்கும்.

செம்மரத்தை எப்படி அடையாளம் காண்பது?

முதலை முதுகு போல வெடித்த பட்டை, பெரும்பாலும் மூன்று மூன்றாக இருக்கும் சிற்றிலைகள், நடுவில் விதை வைத்த தட்டையான சிறகுக் காய். நெருங்கிய உறவான வேங்கைக்குச் சிற்றிலைகள் கூடுதல். தெற்குக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் செம்மரம் இயற்கையாக வளர்வதில்லை. சந்தனம் போல இதற்கு வாசனையும் கிடையாது. விலை முழுக்க அந்தச் சிவப்பு வைரக்கட்டைக்குத்தான். அது முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும், வெட்டிச் சாய்க்க ஒரு ராத்திரி போதும்.

சீனாவில் மரச்சாமான், ஜப்பானில் இசைக்கருவி என்று வெளிநாட்டுத் தேவை அதிகம். 1995 முதல் இதன் சர்வதேச வணிகம் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கடத்தல் நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தங்களைத் தாக்கியதால் சுட்டதாக போலீஸ் சொன்னது. போலி என்கவுன்டர் என்றார்கள் மனித உரிமை அமைப்பினர். ஜவ்வாது மலை போன்ற பகுதிகளிலிருந்து கூலிக்குப் போகிறவர்களுக்கும், கட்டையைக் கப்பலேற்றுகிறவர்களுக்கும் இடையே எத்தனையோ கைகள். மாட்டுவது பெரும்பாலும் முதல் கைதான்.

யாரும் பேசாத இன்னொரு செடி

இதே மலைகளில் 'சைகஸ் பெடோமி' என்ற குட்டைச் செடி இருக்கிறது. பார்க்கச் சின்னப் பனை போலிருக்கும், ஆனால் பனைக் குடும்பம் அல்ல. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நாட்டு மருந்துக்காக ஆண் கூம்புகளை வெட்டி எடுத்துவிட்டால், பக்கத்துப் பெண் செடிக்கு மகரந்தம் கிடைக்காது, விதையும் பிடிக்காது. சைட்டிஸின் முதல் பட்டியலில், அதாவது செம்மரத்தைவிடக் கடுமையான பாதுகாப்பில், இது இருக்கிறது. சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனபோது இதன் வாழிடமும் அதற்குள் வந்தது.